சர்க்கரை குறைந்த பின்னும் செல்கள் மறப்பதில்லை: ஹிஸ்டோன் மெத்திலேற்றமும் நீரிழிவு நோயும்

பூதலூர் வட்டாரத்தில் நீரிழிவு நோய்க்கு மருந்து வாங்க வருவோரிடமிருந்து ஒரே கேள்வி பல குரல்களில் எழுவதுண்டு: "சர்க்கரை இப்ப சரியாத்தானே இருக்கு டாக்டர், அப்புறம் ஏன் கால் எரியுது?" கேட்பவர் பெரும்பாலும் ஐம்பது வயதைக் கடந்தவராக இருப்பார். நோய் கண்டறியப்பட்டு எட்டு, பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். முதல் சில ஆண்டுகள் நடவு, அறுவடை, வீட்டுத் திருமணம் என்று மாத்திரை விட்டுவிட்டு உட்கொள்ளப்பட்டிருக்கும். பின்னர் ஏதேனும் ஓர் அச்சத்தால் ஒழுங்காக உட்கொள்ளத் தொடங்கியிருப்பார். இப்போது பரிசோதனை அட்டையில் எண்கள் நன்றாகவே உள்ளன. ஆயினும் சிறுநீரில் புரதம் வெளியேறுகிறது, விழித்திரையில் மாற்றம் தெரிகிறது, பாதம் எரிகிறது.

"அப்போதே கேட்டிருந்தால்" என்று கடிந்துகொள்வது எளிது. அது நோயாளியைப் புண்படுத்துமேயன்றி அவர் கேட்ட கேள்விக்கு விடையாகாது. இரத்தத்தில் உள்ள சர்க்கரை சில நாள்களில் இறங்கிவிடக்கூடியது. இறங்கிய பின்னும் பாதிப்பு தொடர்கிறது என்றால், உயர்ந்திருந்த காலத்தின் தடம் உடலில் எங்கோ பதிந்திருக்க வேண்டும். மருத்துவ இயல் இதனை 'வளர்சிதைமாற்ற நினைவு' என்று அழைக்கிறது. அந்த நினைவு பதியும் இடங்களுள் ஒன்று, நமது செல்களில் டி.என்.ஏ. இழையைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதங்கள் ஆகும். அப்புரதங்களின் மீது வைக்கப்படும் மெத்தில் குறிகள் மரபணுக்களை எவ்வாறு ஒடுக்குகின்றன, செல் பிரியும்போது அந்த ஒடுக்கம் எவ்வாறு அடுத்த தலைமுறைச் செல்லுக்குக் கைமாறுகிறது என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

நினைவு உண்டு என்பது எவ்வாறு தெரிய வந்தது?

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 1,441 பேரிடம் ஒரு பெரும் ஆய்வு நடத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்குத் தீவிரச் சிகிச்சையும் மற்றொரு பிரிவினருக்கு அக்காலத்து வழக்கமான சிகிச்சையும் அளிக்கப்பட்டன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு முதற்பிரிவில் ஏறத்தாழ 7 விழுக்காடாகவும், மற்றதில் ஏறத்தாழ 9 விழுக்காடாகவும் இருந்தது. தீவிரச் சிகிச்சையின் நன்மை தெளிவானதும் அனைவருக்கும் அதுவே பரிந்துரைக்கப்பட்டது. அதன்பின் சில ஆண்டுகளில் இரு பிரிவினரின் எச்பிஏ1சி அளவும் ஏறத்தாழ 8 என்ற ஒரே நிலைக்கு வந்துவிட்டது. இனி இரு பிரிவினருக்கும் நோய்ச் சிக்கல்கள் ஒரே வேகத்தில் வரும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு நிகழவில்லை. தொடக்கத்தில் சர்க்கரை உயர்ந்திருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்புகள் பின்னாளிலும் மிகுதியாகவே வந்தன.

நம் ஊரில் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகை நீரிழிவில் இதே செய்தியைச் சொன்னது 1977-ஆம் ஆண்டில் பிரிட்டனில் தொடங்கிய ஆய்வு. அதில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 5,102 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் இந்திய வம்சாவளியினர். 1997-இல் ஆய்வு முடிந்து ஓராண்டுக்குள்ளாகவே இரு பிரிவினரின் சர்க்கரை வேறுபாடு மறைந்துவிட்டது. ஆனால் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 2008-இல் வெளியிட்ட முடிவுகளில், தொடக்கத்திலேயே சல்போனைலூரியா அல்லது இன்சுலின் கொண்டு சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு நுண் இரத்தக்குழாய்ப் பாதிப்பு 24 விழுக்காடும் மாரடைப்பு 15 விழுக்காடும் குறைவாக இருந்தன. உடற்பருமனுடன் இருந்து மெட்ஃபார்மின் பெற்றவர்களுக்கு மாரடைப்பு 33 விழுக்காடு குறைந்திருந்தது. நமது ஆரம்ப சுகாதார நிலையங்களில் விலையின்றி வழங்கப்படும் அதே மெட்ஃபார்மின்தான்.

ஆக, நினைவு உண்டு என்பதில் ஐயமில்லை. அது எங்கே உள்ளது என்பதே அடுத்த கேள்வி.

இழையும் உருளையும்

மனிதச் செல் ஒன்றினுள் உள்ள டி.என்.ஏ. இழையை நீட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் வரும். அதனை வைத்திருக்கும் உட்கருவோ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அளவினது. நெசவாளர் நூலை உருளையில் சுற்றி வைப்பதுபோல, செல் இந்த இழையை ஹிஸ்டோன் புரதங்களாலான உருளைகளில் சுற்றி வைத்துள்ளது. எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்தது ஓர் உருளை. எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்னும் நால்வகையில் வகைக்கு இரண்டு. ஒவ்வோர் உருளையையும் டி.என்.ஏ.வின் 147 இணை எழுத்துகள் ஏறத்தாழ ஒன்றே முக்கால் சுற்றுச் சுற்றியுள்ளன. இந்த அமைப்பிற்கு நியூக்ளியோசோம் என்று பெயர். ஒரு செல்லில் இத்தகைய உருளைகள் ஏறத்தாழ 3 கோடி உள்ளன.

உருளைகளை அடுக்கிக் கட்டிவைக்க உதவும் வேறொரு வகை ஹிஸ்டோனும் உண்டு. அவ்வகையைச் சேர்ந்த எச்5 என்னும் புரதத்தின் உருண்டைப் பகுதியின் வடிவத்தை 1993-இல் வெளியிட்ட குழுவிற்குத் தலைமை வகித்தவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் ஆவார். அவருக்கு 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது வேறோர் ஆய்வுக்காக, அதாவது ரைபோசோம் அமைப்பை விளக்கியதற்காக. எனவே அவருடைய ஹிஸ்டோன் ஆய்வு நம்மவர் பலருக்குத் தெரியாமலே போயிற்று.

ஹிஸ்டோன் என்பது வெறும் நூற்சுற்றும் உருளையன்று. அதன் உடல் உருளையினுள் அடங்கியிருக்க, முனைப்பகுதி ஒன்று வால்போல வெளியே நீண்டிருக்கும். அந்த வாலில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறிப்பிட்ட இடங்களில் அமைந்துள்ளது. எச்3 ஹிஸ்டோனின் வாலில் 4, 9, 27 ஆகிய இடங்களில் உள்ள லைசின்கள் நமக்கு இங்கே முதன்மையானவை. ஒரு கரியணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட மிகச் சிறிய மெத்தில் தொகுதி இந்த லைசின்களின் மீது ஒன்றாகவோ இரண்டாகவோ மூன்றாகவோ பொருத்தப்படுவதே ஹிஸ்டோன் மெத்திலேற்றம் ஆகும்.

இவ்வளவு சிறிய தொகுதி ஒரு மரபணுவை எவ்வாறு அடக்க முடியும்?

மடையில் நட்ட குச்சி

கல்லணையைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குவது கடினமன்று. அங்கே வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. நீர் ஒன்றே. எந்த மதகு திறந்துள்ளது, எது மூடியுள்ளது என்பதைப் பொறுத்தே எந்த வயல் நனையும் என்பது அமைகிறது. நம் உடலின் செல்களும் அவ்வாறே. கணையச் செல்லிலும் தோல் செல்லிலும் உள்ள மரபணுக்கள் ஒன்றே. ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்கள் இரண்டிலும் உள்ளன. கணையத்தின் பீட்டா செல்லில் இன்சுலின் மரபணுவின் மடை திறந்திருக்கிறது. தோல் செல்லில் அது அடைபட்டிருக்கிறது. எழுத்து மாறவில்லை, படிக்கும் அனுமதி மாறியுள்ளது.

மெத்தில் குறி நேரடியாக மடையை அடைப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வயல் மடையருகே ஒருவர் குச்சி நட்டு அடையாளம் வைக்கிறார் என்று கொள்வோம். குச்சி நீரைத் தடுக்காது. அதனைக் கண்டு மற்றொருவர் மண்ணை வெட்டிப் போட்டு அடைக்கிறார். செல்லினுள்ளும் குறி வைக்கும் நொதி வேறு. குறியைப் படிக்கும் புரதம் வேறு. குறியை நீக்கும் நொதி வேறு. எச்3-இன் 9-ஆம் லைசினில் மூன்று மெத்தில்கள் இருந்தால், எச்பி1 என்னும் புரதம் வந்து அதனைப் பற்றிக்கொள்கிறது. பல எச்பி1 புரதங்கள் ஒன்றோடொன்று பிணையும்போது அப்பகுதியின் உருளைகள் நெருங்கி இறுகுகின்றன. மரபணுவைப் படிக்க வரும் நொதி உள்ளே நுழைய இயலாது போகிறது. 27-ஆம் லைசினில் வைக்கப்படும் குறியை பாலிகோம்ப் என்னும் புரதத் தொகுதிகள் கையாள்கின்றன. பெண்களின் ஒவ்வொரு செல்லிலும் உள்ள இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று ஏறத்தாழ முழுவதும் ஒடுங்கிக் கிடப்பதில் இக்குறிக்குப் பங்கு உண்டு.

மெத்தில் குறி என்றாலே ஒடுக்கம் என்று சிலர் எழுதுகின்றனர். அது தவறு. 4-ஆம் லைசினில் மூன்று மெத்தில்கள் உள்ள இடங்களில் மரபணுக்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். குறி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதே பொருளைத் தருகிறது.

ஈயின் கண் காட்டிய உண்மை

மரபணு சிதையாமலேயே மௌனமாகக்கூடும் என்பதை முதலில் காட்டியது பழ ஈயின் கண். 1930-இல் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிர் பாய்ச்சிய ஈக்களுள் சிலவற்றின் கண்கள் முழுச் சிவப்பாகவும் இல்லாமல் முழு வெண்மையாகவும் இல்லாமல் திட்டுத்திட்டாக இருந்தன. சிவப்பு நிறத்திற்கான மரபணு அவ்வீக்களில் கெடவில்லை. அது குரோமோசோமில் இடம்மாறி, இறுகிக் கிடக்கும் பகுதியின் அருகே சென்று அமர்ந்திருந்தது. சில செல்களில் அந்த இறுக்கம் அம்மரபணுவின் மீதும் பரவி அதனை அடக்கிவிட்டது. சில செல்களில் பரவவில்லை.

இங்கே திட்டுகள் என்பதே முக்கியமான செய்தியாகும். கண் உருவாகும் காலத்தில் ஒரு செல் தன் மரபணுவை அடக்கிவிட்டால், அது பிரிந்து உண்டாகும் செல்கள் அனைத்தும் அடக்கியே வைத்தன. அவை கூடி ஒரு வெண் திட்டாயின. அடக்காத செல்லின் வழித்தோன்றல்கள் சிவப்புத் திட்டாயின. மௌனம் செல்லிலிருந்து செல்லுக்குக் கைமாறுகிறது என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்று இதுவாகும்.

இந்த அடக்கத்திற்கு எந்த மரபணுக்கள் தேவை என்று பல பத்தாண்டுகள் தேடியபோது சுவார் 3-9 என்று ஒன்று கிடைத்தது. அதன் மனித, எலி வடிவங்களான சுவ்39 புரதங்கள், எச்3-இன் 9-ஆம் லைசினில் மெத்தில் பொருத்தும் நொதிகளே என்று 2000-ஆம் ஆண்டில் வியன்னாவில் தாமஸ் ஜெனுவைன் குழுவினர் கண்டறிந்தனர். ஹிஸ்டோன் லைசினில் மெத்தில் வைக்கும் நொதிகளுள் முதலில் அடையாளம் காணப்பட்டது இதுவே. இந்தப் பெயரை நினைவில் கொள்க. நீரிழிவு நோயாளியின் கேள்விக்கு விடை தேடும்போது இது மீண்டும் வரும்.

செல் பிரியும்போது குறிகளுக்கு என்ன ஆகிறது?

செல் இரண்டாகப் பிரிவதற்கு முன் டி.என்.ஏ. முழுவதையும் படியெடுக்கிறது. அப்போது பழைய உருளைகள் கழன்று, இரு புதிய இழைகளுக்கும் ஏறத்தாழச் சரிபாதியாகப் பங்கிடப்படுகின்றன. மீதி இடத்தைப் புதிதாகச் செய்த ஹிஸ்டோன்கள் நிரப்புகின்றன. புதியவற்றின் மீது அந்தக் குறிகள் இல்லை. அதாவது ஒரு முறை பிரிந்தவுடன் குச்சிகளின் எண்ணிக்கை பாதியாகிவிடுகிறது. இதனை அப்படியே விட்டால், சில தலைமுறைகளில் மடை எது என்றே தெரியாமற் போகும்.

செல் இதற்கு ஓர் எளிய வழி வைத்துள்ளது. குறி வைக்கும் சுவ்39 நொதியே பழைய குறியைப் பற்றிக்கொள்ளும் திறனும் பெற்றுள்ளது. பழைய குச்சியைப் பிடித்துக்கொண்டு அருகில் உள்ள வெற்று உருளையில் புதுக் குச்சி நடுகிறது. 27-ஆம் லைசினில் குறி வைக்கும் பாலிகோம்ப் தொகுதியும் இதே முறையில் இயங்குகிறது. படிக்கவும் எழுதவும் ஒரே தொகுதிக்குத் தெரிந்திருப்பதால் நினைவு தலைமுறைகளைக் கடக்கிறது.

ஆனால் இம்முறையில் ஒரு பலவீனமும் உள்ளது. நொதி போதிய அளவில் இருந்தால்தான் ஒவ்வொரு பிரிவுக்குப் பிறகும் குறிகள் நிரம்பும். நொதி குறைந்தால் ஒவ்வொரு பிரிவிலும் குறி நீர்த்துக்கொண்டே போகும். அடைபட்டிருக்க வேண்டிய மடை கசியத் தொடங்கும்.

செல் பிரியும் செயலுக்கே இக்குறி தேவைப்படுகிறது என்பதும் அறியத்தக்கது. குரோமோசோமின் நடுவே இழைகள் பற்றி இழுக்கும் சென்ட்ரோமியர் பகுதியின் இருபுறமும் 9-ஆம் லைசின் குறி செறிந்துள்ளது. இரு படிகளும் இழுக்கப்படும் தருணம் வரை ஒட்டியிருக்க அது துணைபுரிகிறது. சுவ்39 நொதிகள் இரண்டும் இல்லாத எலிகளை உருவாக்கி 2001-இல் ஆராய்ந்தபோது, அவற்றின் செல்கள் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படவில்லை. நிணநீர்ப் புற்றுநோயும் அவற்றில் மிகுந்திருந்தது. பிரியும் வேளையில் குறிக்கு அடுத்துள்ள 10-ஆம் இடத்தில் ஒரு பாஸ்பேட் தற்காலிகமாக ஏறி எச்பி1 புரதத்தை விலக்குகிறது. பிரிவு முடிந்ததும் பாஸ்பேட் நீங்க, எச்பி1 திரும்பி வருகிறது. குறி மட்டும் அழியாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

நீரிழிவு நோயாளியின் இரத்தக்குழாயில்

சர்க்கரை மிகுதியால் கண், சிறுநீரகம், நரம்பு, இதயம் ஆகியவை கெடுவதில் இரத்தக்குழாய்ச் சுவரில் நீடிக்கும் அழற்சிக்குப் பெரும் பங்கு உண்டு. அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள், இயல்பான காலத்தில் அடங்கியிருந்து தேவை வரும்போது மட்டும் திறக்க வேண்டியவை.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே உள்ள சிட்டி ஆஃப் ஹோப் ஆய்வு மையத்தில் ரமா நடராஜன் குழுவினர், நீரிழிவு கொண்ட எலிகளின் இரத்தக்குழாய் மென்தசைச் செல்களை எடுத்துத் தட்டில் வளர்த்தனர். 2008-இல் வெளியான அவர்களது முடிவு இதுதான்: அச்செல்கள் எலியின் உடலை விட்டு வெளியே வந்து, பலமுறை பிரிந்து பெருகிய பின்னும், அழற்சி மரபணுக்களை மிகையாகவே இயக்கின. அம்மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் 9-ஆம் லைசினின் மும்மெத்தில் குறி குறைந்திருந்தது. அக்குறியை வைக்கும் சுவ்39 நொதியும் குறைந்திருந்தது. நொதியைச் செல்லில் மிகுதிப்படுத்தியபோது அழற்சி ஓரளவு தணிந்தது. நலமான மனிதச் செல்களில் அந்நொதியைக் குறைத்தபோது அழற்சி மரபணுக்கள் எழுந்தன.

ஈயின் கண்ணில் திட்டுகளை உண்டாக்கிய அதே நொதி, நீரிழிவுற்ற இரத்தக்குழாயில் குறைந்து காணப்படுகிறது என்பது எனக்கு இத்துறையிலேயே மிகவும் வியப்பளித்த செய்தி.

அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து வந்த மற்றோர் ஆய்வு கால அளவைக் காட்டியது. இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களை 16 மணி நேரம் மட்டும் உயர் சர்க்கரையில் வைத்து, பிறகு இயல்பான சர்க்கரைக்கு மாற்றினர். ஆறு நாள்கள் கழித்தும் அழற்சி மரபணு ஒன்றின் அருகே 4-ஆம் லைசினில் ஏறிய குறி நீங்காமல் இருந்தது. மரபணுவும் மிகையாகவே இயங்கியது. இங்கே நிகழ்ந்தது திறக்கும் குறி ஏறியது. முன்னதில் நிகழ்ந்தது மூடும் குறி இறங்கியது. விளைவு ஒன்றே.

மனிதர்களிடமிருந்தும் சான்று உண்டு. மேலே கூறிய 1,441 பேரில் ஒரு சிலரின் இரத்தத்தில் உள்ள மோனோசைட் என்னும் வெள்ளணுக்களை நடராஜன் குழுவினர் பின்னர் ஆராய்ந்தனர். ஆய்வுக் காலம் முடிந்து 16, 17 ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய சர்க்கரை அளவோடு தொடர்புடைய குறிகள் சில மரபணுக்களின் அருகே நீடித்திருந்தன என்று 2016-இல் அறிவித்தனர். இவை ஹிஸ்டோன் மீதன்றி டி.என்.ஏ.வின் மீதே வைக்கப்படும் மெத்தில் குறிகள். மோனோசைட் இரத்தத்தில் வாழ்வது சில நாள்களே. அவ்வாறிருக்க 16 ஆண்டுகள் குறி நீடிக்க வேண்டுமானால், எலும்பு மஜ்ஜையில் உள்ள மூலச் செல்கள் அதனைத் தாங்கி, ஒவ்வொரு பிரிவிலும் கைமாற்றியிருக்க வேண்டும்.

இவற்றைக் கொண்டு நீரிழிவின் சிக்கல்கள் அனைத்திற்கும் ஹிஸ்டோன் குறிகளே காரணம் என்று சொல்லிவிட இயலாது. நீண்டநாள் உயர் சர்க்கரையில் புரதங்களின் மீது சர்க்கரை ஒட்டிக் கெடுவதும், இரத்த அழுத்தமும், கொழுப்பும், புகையிலையும் தத்தம் பங்கை ஆற்றுகின்றன. பிரியாத நரம்புச் செல்களில், பிரிவின்போது குறி நீர்த்துப்போதல் என்ற விளக்கம் பொருந்தவும் பொருந்தாது. ஆயினும், "சர்க்கரை சரியாகத்தானே உள்ளது" என்று கேட்பவருக்கு, உங்கள் இரத்தம் மறந்துவிட்டது, இரத்தக்குழாய் இன்னும் மறக்கவில்லை என்று நேர்மையாகச் சொல்ல இச்சான்றுகள் போதுமானவை.

அடிக்கடி எழும் ஐயங்கள்

இது தலையெழுத்தா என்று கேட்போர் உண்டு. மரபணு எழுத்தில் ஏற்படும் பிழையைப் போன்றதன்று இது. மெத்தில் குறிகளை நீக்கும் நொதிகள் உள்ளன என்பது 2004-ஆம் ஆண்டு முதல் தெரியும். குறிகள் ஏறவும் இறங்கவும் கூடியவை. எனவே தாமதமாகத் தொடங்கிய கட்டுப்பாடு வீண் என்று எவரும் எண்ண வேண்டாம். இன்றைய உயர் சர்க்கரை இன்று புதிதாக வைக்கக்கூடிய தடங்களையாவது அது தடுக்கிறது. பயன் தெரிய ஆண்டுகள் ஆகலாம் என்பதே உண்மை நிலை.

அப்படியானால் குறிகளை மாற்றும் மருந்து உண்டா? புற்றுநோயில் உண்டு. 27-ஆம் லைசினில் குறி வைக்கும் நொதியைத் தடுக்கும் டாஸிமெட்டோஸ்டாட் என்னும் மருந்துக்கு அமெரிக்காவில் 2020-இல் ஓர் அரிய வகைச் சார்க்கோமா புற்றுநோய்க்காக அனுமதி வழங்கப்பட்டது. நீரிழிவுச் சிக்கல்களுக்கென்று அத்தகைய மருந்து நடைமுறையில் இல்லை. "மரபணுவைத் திருத்தும்", "செல்லைப் புதுப்பிக்கும்" என்று சொல்லி விற்கப்படும் பொடிகளுக்கும் லேகியங்களுக்கும் பணம் செலவிட வேண்டாம்; அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

மெத்தில் தொகுதி உணவிலிருந்துதானே வருகிறது, ஃபோலிக் அமிலமும் பி12-உம் மிகுதியாக உட்கொண்டால் குறிகள் கூடுமா என்று படித்த இளைஞர்கள் சிலர் கேட்கின்றனர். மெத்தில் வழங்கும் வேதிச்சுழற்சிக்கு இவ்விரு வைட்டமின்களும் தேவை என்பது சரியே. ஆனால் குறி எந்த மரபணுவில் வைக்கப்பட வேண்டும் என்பதை மாத்திரை தீர்மானிக்காது. பி12 பற்றி நான் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் உட்கொள்வோருக்கு பி12 குறையக்கூடும். அக்குறைவும் கால் எரிச்சலை உண்டாக்கும். எனவே எரியும் கால் ஒவ்வொன்றையும் பழைய சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இக்குறிகள் பிள்ளைகளுக்குச் செல்லுமா? விந்தும் கருமுட்டையும் உருவாகும்போதும் கரு வளரத் தொடங்கும்போதும் குறிகளில் பெரும்பாலானவை நீக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. தந்தை மாத்திரையைத் தவறவிட்டது மகனின் மரபணுவில் எழுதப்பட்டிருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. குடும்பத்தில் நீரிழிவு தொடர்வதற்கு மரபணு எழுத்தும், ஒரே அடுப்பில் சமைத்த உணவும், ஒரே வாழ்க்கை முறையும் காரணங்களாக உள்ளன. கருவுற்ற தாயின் சர்க்கரை வேறு பொருள். கருப்பையில் உள்ள குழந்தையின் செல்கள் வேகமாகப் பிரிந்து, எந்த மரபணு எங்கே அடங்க வேண்டும் என்று வகுத்துக்கொள்ளும் காலம் அது. கருவுற்ற பெண்களுக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையில் 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை தொடங்கப்படும். வெறும் வயிற்றோடு வர வேண்டிய தேவையில்லாத இம்முறையை நாடெங்கும் எடுத்துச் சென்றவர் சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா. வெகுதொலைவு பேருந்தில் வரும் கர்ப்பிணிகளுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதைக் கிராமப்புற நிலையங்களில் பணியாற்றுவோர் அறிவர்.

நம் வட்டாரத்தில் செய்யத்தக்கவை

சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனத்தின் தலைமையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும், 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் உள்ளன. நினைவு பதியும் முன் நோயைப் பிடிக்க வேண்டுமானால், தாகம், எடை குறைவு, ஆறாத புண் என்று அறிகுறி தோன்றும் வரை காத்திருக்கக் கூடாது. 30 வயது கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரத்தில் 200 மில்லிகிராம், எச்பிஏ1சி 6.5 விழுக்காடு ஆகிய அளவுகளை எட்டினால் அது நீரிழிவாகும். அறிகுறி இல்லாதவர்களுக்கு மற்றொரு பரிசோதனையால் இது உறுதி செய்யப்படும்.

கண்டறிந்த முதல் ஐந்து ஆண்டுகளே மிகவும் தவறவிடப்படும் ஆண்டுகள்; மேற்கூறிய ஆய்வுகளின்படி மிகவும் விலைமதிப்புள்ள ஆண்டுகளும் அவையே. உடலில் எந்தத் துன்பமும் இல்லாத அக்காலத்தில் மாத்திரை தேவையற்றதாகத் தோன்றும். குறுவை நடவின்போதும் சம்பா அறுவடையின்போதும் மாதாந்திர மருந்து வாங்க வருவோர் குறைவதைக் காண்கிறோம். ஒரு நாள் கூலியை விட்டு வருவது எளிதன்று என்பது உண்மை. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் தன்னார்வலர்கள் வீட்டிற்கே வந்து மருந்து வழங்குகின்றனர். வேலைநாள்களில் வர இயலாதவர்கள் தங்கள் பகுதித் தன்னார்வலரிடமோ கிராமச் சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதிந்துகொள்ளலாம்.

எந்நேரமும் செருப்பு அணியுங்கள் என்று எல்லாக் கையேடுகளிலும் எழுதியிருக்கும். சேற்றில் இறங்கி நாற்று நடுபவரிடம் அதனைச் சொல்வதில் பயனில்லை. அவர்கள் கரையேறியவுடன் கால்களை நல்ல நீரில் கழுவி, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தாமே பார்க்க இயலாதவர்கள் வீட்டில் உள்ளவரைப் பார்க்கச் சொல்லலாம். முள் தைத்தது தெரியாத காலில் புண் இருப்பதும் தெரியாது. சிறு கீறலாயினும் அன்றோ மறுநாளோ அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும்.

ஆண்டுக்கு ஒரு முறை விழித்திரை, சிறுநீரில் புரதம், பாத உணர்வு ஆகிய மூன்றையும் பரிசோதிக்கக் கேளுங்கள். சர்க்கரை எண் சரியாக உள்ள ஆண்டிலும் கேளுங்கள். பழைய பரிசோதனை அட்டைகளைத் தூக்கி எறியாமல் உடன் கொண்டு வாருங்கள். பத்து ஆண்டுகளுக்கு முன் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்பது, இன்று உங்கள் கண்ணை எவ்வளவு விரைவில் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்ய மருத்துவருக்கு உதவும்.